அத்திம்பேரின் ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சி

நேற்று மாட்டுங்கா மார்க்கெட்டில் விளக்கெண்ணெய் கேட்டேன். கடைப் பெண் அத்தர் சீசா மாதிரி ஒன்றை நீட்டி, "ஹேர் க்ரோத்துக்கு பெஸ்ட், ஆன்ட்டி" என்றாள். எனக்கிருக்கிற நாலு முடிக்கு அது ஒன்றுதான் குறைச்சல். மூடியைத் திறந்து மோந்து பார்த்தால் வாசனையே இல்லை.

விளக்கெண்ணெய் என்றதும் உங்களுக்குச் சின்ன வயதில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றியது ஞாபகம் வரும். எனக்கு அக்காவின் கணவர், என் அத்திம்பேர்தான் ஞாபகம் வருவார். கொதிக்கிற என்ஜினில் அதை ஊற்றினால் இனிப்பும் கருகலுமாக ஒரு புகை வரும் பாருங்கள், அதை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

அத்திம்பேர் குர்லாவில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. கல்யாணத்துக்கு முன்னால் மண் மைதானத்தில் வட்டமடிக்கிற மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர். "இனிமே பந்தயம் கிடையாது" என்று எங்கள் அம்மாவிடம் வாக்குக் கொடுத்த பிறகுதான் அக்காவைக் கொடுத்தார்கள். எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்து அவர்களோடு தங்க வந்தபோது கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறையில் விளக்கெண்ணெய் சீசாவும் கையுமாக என்னிடம் மாட்டிக்கொண்டார். பந்தயத்தை அவர் விடவே இல்லை; வண்டியின் என்ஜின் சூடு தாங்க அதுதான் வேண்டுமாம். "அக்காகிட்ட சொல்லிடாதே, உனக்குக் கோடிப் புண்ணியம்" என்றார். என் வாயை அடைக்க அடுத்த வாரம் மான்குர்டு பக்கம் இருந்த மைதானத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். அக்காவிடம் கோயில் என்று சொன்னோம்.

அந்த வண்டிக்கு பிரேக்கே கிடையாது. இடது பூட்ஸுக்கு மட்டும் இரும்பு அடி. வளைவில் வண்டியைச் சாய்த்து, அந்தக் காலை மண்ணில் தேய்த்துக்கொண்டே திரும்ப வேண்டும். வீட்டில் அடுப்பிலிருந்து பாலை இறக்கக் கை நடுங்குகிற மனுஷர், அங்கே சிரித்துக்கொண்டு ஓட்டினார். நான் பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தினேன். அவ்வளவு அழகான ஆண்பிள்ளையை அப்புறம் நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் மன்னிக்கட்டும்.

இதற்குள் எண்ணெய் குறைவதை அக்கா கவனித்துவிட்டாள். அவருக்கு வயிற்றில் ஏதோ கோளாறு, வெளியே சொல்லாமல் எண்ணெயைக் குடிக்கிறார் என்று முடிவு கட்டினாள். ஞாயிறுதோறும் பத்தியம், கஞ்சியும் சுட்ட அப்பளமும். அவரும் மறுக்க வழியில்லாமல் குடித்துவிட்டுப் பந்தயத்துக்குப் போவார். கிளம்புமுன் நானும் அவரும் பால்கனிக்கு ஓடிவந்து சிரிப்போம். ஐந்து மாதம் இந்தக் கூத்து நடந்தது.

ஒருநாள் வளைவில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அத்தனையும் ஒப்புக்கொண்டார்; என் பேரை மட்டும் எடுக்கவில்லை. அக்கா திட்டப்போகிறாள் என்று நான் சுவரோரம் ஒண்டிக்கொண்டேன். அவளோ, "அப்போ வயித்துல ஒண்ணும் இல்லையா? எண்ணெயை நீங்க குடிக்கலையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"சத்தியமா இல்லைடி."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் அப்பா வயிற்றில் கட்டி வந்து போனவர். அவரும் யாரிடமும் சொல்லாமல் விளக்கெண்ணெயைக் குடித்துத்தான் நாளைத் தள்ளினார். அது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"தாராளமா ஓட்டுங்கோ, நான் ஒண்ணும் சொல்லலை" என்றாள் அக்கா. அவர் கேட்கவில்லை. கட்டுப் பிரித்த வாரமே வண்டியை விற்றுவிட்டார். "விழறது பெரிசில்லை. இவளை அஞ்சு மாசம் பயமுறுத்தியிருக்கேனே" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மைதானம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் கட்டடங்கள். அத்திம்பேர் போய் இரண்டு வருஷமாகிறது. போன வாரம் செம்பூருக்கு அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். "ஒரு தடவையாவது அவர் ஓட்டறதை நான் பாத்திருக்கலாம்டி. எப்படி இருந்திருப்பார்?" என்றாள்.

அவர் ஓட்டியதைப் பார்த்தவர்களில் மிச்சமிருப்பது அநேகமாக நான் ஒருத்திதான். சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அவள் பயந்துகொண்டு கஞ்சி வைத்த அந்த ஐந்து மாதமும் எனக்கு எல்லாம் தெரியும் என்பதும் தெரிந்துவிடுமே.

"நான் எங்கே கண்டேன், அக்கா" என்றேன்.