பாதி மொட்டையோடு மலை இறங்கினோம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாளையங்கோட்டையில் என் தம்பி வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. ஆறு மணிக்கு வண்டி என்றால் எங்கள் ஆட்கள் அப்போதுதான் இட்லிக்குச் சட்னி அரைக்கத் தொடங்குவார்கள் என்பது டிரைவர் இசக்கி அண்ணாச்சிக்குத் தெரிந்திருந்தது. சீட்டைச் சாய்த்துப் போட்டு ஒரு தூக்கம் தூங்கிவிட்டார். கிளம்பும்போது ஏழரை. பதினொரு பேர், இரண்டு தூக்குவாளி நிறையப் புளியோதரை, பொங்கல் பானை, என் மூன்று வயது மகள் யாழினியின் தலை நிறைய முடி. அந்த முடியை இறக்கிவைக்கத்தான் இந்தப் பயணமே.

நான் தாம்பரத்தில் குடியிருக்கிறேன். கணவருக்கு விடுப்பு கிடைக்காததால் மகளோடு நான் மட்டும் முந்தின நாள் ரயிலில் வந்து இறங்கினேன். எங்கள் குலதெய்வம், பாபநாசத்துக்கு மேலே காரையாற்றுக் காட்டுக்குள் இருக்கும் அய்யனார். பிள்ளையின் முதல் மொட்டையை அங்கேதான், தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் எடுக்க வேண்டும். தாய்மாமன் என் தம்பி சங்கர். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து சீவலப்பேரி போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். வந்திறங்கிய ஒரே நாளில் யாழினி அவன் தோல்பையை மாட்டிக்கொண்டு வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் பழைய காகிதத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டாள். மூக்கு லேசாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஆட்டத்துக்கு அது குறையாக இல்லை.

பாளையிலிருந்து பாபநாசம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஊர்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. நடுவில் வயலும் வாழையும். தாமிரபரணி ஒரு பாலத்தில் முகம் காட்டும், பிறகு தோப்புக்குப் பின்னால் போய்விடும். பாபநாசம் தாண்டியதும் வனத்துறைச் சோதனைச்சாவடி. பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிறார்கள். அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் காட்டுச் சாலை, வளைவுக்கு வளைவு குரங்குகள். போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சாவடி தாண்டினால் கைப்பேசியில் சிக்னல் கிடையாது. போகும்போது அதை நான் ஒரு வசதியாகத்தான் நினைத்தேன்.

கோயிலில் பொங்கல் வைத்து முடித்து, பதினோரு மணிக்கு மேல் ஆற்றோரக் கல்லில் சங்கர் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். யாழினியை மடியில் வைத்தோம். முடி எடுப்பவர் தலையில் தண்ணீர் தெளித்த கணத்திலேயே அழுகை தொடங்கிவிட்டது. மொட்டைக்கு அழாத பிள்ளை உண்டா? எல்லோரும் சிரித்தோம். கத்தி வலது பக்கம் முழுக்க வழித்து முடித்து இடது பக்கத்துக்கு வந்தபோது, அழுகைக்கு நடுவே ஒரு இருமல் வந்தது. நாய்க்குட்டி குரைப்பது போன்ற இருமல். என் கையிலிருந்த துண்டு ஆற்றில் விழுந்தது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். போன வருஷம் தாம்பரத்தில் ஒரு ராத்திரி இதே குரைப்பு வந்தது. தொண்டைக்குள் குரல்வளைப் பக்கம் வீங்கி மூச்சுப் போகிற வழி குறுகிவிடுகிறது என்று அன்றைக்கு டாக்டர் சொன்னார். "நிமிர்த்தி உட்கார வைங்க. சும்மா இருக்கும்போதே மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டா உடனே ஆஸ்பத்திரி. எதுக்காகவும் அழ மட்டும் விடாதீங்க, அழுதா இன்னும் இறுகும்" என்றார். இப்போது ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் போல ஒரு இழுப்பு. கழுத்துக்குக் கீழே இருக்கிற குழி உள்ளே போய்ப் போய் வந்தது. ஆஸ்பத்திரி என்றால் விக்கிரமசிங்கபுரத்துக்குத்தான் போக வேண்டும். முக்கால் மணி நேரமாவது ஆகும். அவ்வளவு நேரம் அழாமல் இருக்க வேண்டியவள், அழ வைப்பதற்கென்றே உட்கார்த்தி வைத்த பிள்ளை.

"பாதி மொட்டையோட கோயில விட்டு எறங்கக் கூடாதுல்லா! இன்னும் ரெண்டு இழுப்புதான், முடிச்சிட்டுப் போவலாம்" என்றாள் பெரியத்தை. அப்பாவின் அக்கா. எங்கள் குடும்பத்தில் அவள் பேச்சுக்கு அப்பீல் கிடையாது.

"பிள்ள மூச்சுக்குத் திணறுது, நீங்க முடியப் பாக்கிறிய!" என்று கத்தினேன். நான் கத்தியதில் யாழினியின் அழுகை இன்னும் கூடியது. அவளை வாங்கக் கையை நீட்டினேன். என் முகத்தில் என்ன கண்டாளோ, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மாமன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சங்கர் அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். அத்தையிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. "வண்டியெடுங்க அண்ணாச்சி" என்றான்.

வேனில் முதல் வரிசையில் அவளை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டான். பக்கத்தில் உட்காரப் போன என்னைத் தடுத்தான். "யக்கா, கோவிச்சுக்கிடாத. நீ கடைசி சீட்டுக்குப் போ. ஒம் மூஞ்சியப் பாத்தா அவளுக்கு அழுக வருது."

வலித்தது. பெற்றவளுக்குக் கடைசி சீட்டா? ஆனால் அவன் சொன்னது உண்மை. போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் பின்தலைதான். வலது பக்கம் மழித்த தோல், இடது பக்கம் ஈரமாக ஒட்டிய முடி. வண்டிச் சத்தத்தை மீறி அந்த இழுப்பும் கேட்டது.

முதல் வளைவில் சங்கர் விரலை வாயில் வைத்துச் சின்னதாக ஒரு விசில் அடித்தான். "ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை, பாளை, சீவலப்பேரி! ஏறுங்க ஏறுங்க! கண்டக்டரம்மா, போலாமா?" தோல்பையை அவள் கழுத்தில் மாட்டினான். எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பை அவன் கூடவே வரும். யாழினி விசும்பிக்கொண்டே பையைத் தொட்டுப் பார்த்தாள். "நீங்க பேச வேண்டாம், தலைய மட்டும் ஆட்டுங்க. ரைட்டா?" தலை ஆடியது. "ரைட்!" என்று இசக்கி அண்ணாச்சியும் குரல் கொடுத்து, நிஜ பஸ் போலக் கியரை மாற்றினார்.

ஆனால் பஸ்ஸில் ஏற ஆள் வேண்டுமே. எங்கள் ஆட்கள் விபூதி எங்கே, தைலம் எங்கே என்று ஆளுக்கொரு பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். சங்கர் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். முதலில் ஏறியது யார் தெரியுமா? பெரியத்தை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி எழுந்து நின்றாள்.

"ஏட்டி கண்டக்டரு, பாளை மார்க்கெட்டுக்கு ஒரு டிக்கெட்டு குடு."

"பொம்பளையளுக்கு டிக்கெட்டு கிடையாது, ஓசிதான்" என்றான் சங்கர்.

"எனக்கு ஓசிதாம்லே. ஏங் கோழிக்கு?" மடியில் இல்லாத ஒரு கோழியை அத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். "பொட்டக் கோழி. அதுக்கும் ஓசிதானே?"

யாழினி தீவிரமாக யோசித்தாள். கூடாது என்று தலையை ஆட்டினாள். அத்தை சண்டைக்கு நின்றாள். கோழி வேனுக்குள் பறந்தது. எங்கள் மாமா ஒருவர் அதைப் பிடிக்க எழுந்து தலையை மேலே இடித்துக்கொண்டார், அது நிஜ இடி. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் ஏறினார்கள். ஒருத்தருக்குச் சில்லறை இல்லை, ஒருத்தர் தூங்கி ஸ்டாப்பை விட்டுவிட்டார், ஒருத்தர் ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போட்டார். முண்டந்துறைப் பாலத்தைப் பாளை பஸ் ஸ்டாண்டு என்றான் சங்கர், யாரும் மறுக்கவில்லை. பிரேக் போட்டால் அவள் குலுங்குவாள் என்று அண்ணாச்சி ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தவே இல்லை. "ஓடுத வண்டியிலயே பைய எறங்கிக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் இழுப்பு நிற்கவில்லை. ஆனால் அவள் அழவில்லை. அழாதபோது அந்தச் சத்தம் கொஞ்சம் தணிவதைக் கடைசி சீட்டிலிருந்து நான் கேட்டுக்கொண்டே வந்தேன். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நான்தான் அழுதேன்.

சாவடி நெருங்கும்போது சங்கர் திரும்பாமலே கூப்பிட்டான். "கடைசி சீட்டுல ஒரு அம்மா டிக்கெட்டு எடுக்காம வாராங்க. எங்கம்மா போவணும்?"

முகத்தைத் துடைத்தேன். தொண்டையைச் சரிசெய்தேன். "விக்கிரமசிங்கபுரம் ஆஸ்பத்திரி. ஒண்ணு."

யாழினி மாமன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். இந்த முறை உதடு பிதுங்கவில்லை. விரலை நாக்கில் தொட்டு, இல்லாத டிக்கெட்டைக் கிழித்து என் பக்கம் நீட்டினாள். வேனில் இருந்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றி அதை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். வாங்கி உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டேன். சிக்னல் வந்ததும் அண்ணாச்சி யாருக்கோ போன் போட்டு, குழந்தை டாக்டர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டார்.

விக்கிரமசிங்கபுரம் நூல் ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர். தெருவில் இன்னமும் சைக்கிள்கள் நிறையப் போகின்றன. கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமையும் டாக்டர் இருந்தார். இளம்பெண். யாழினியைத் தொடாமல், தள்ளி நின்றே மூச்சைக் கவனித்தார். "மாமா மடியிலேயே இருக்கட்டும், எறக்க வேண்டாம்" என்றார். ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்து, மருந்துப் புகை வருகிற மாஸ்க்கை முகத்தருகே பிடித்தார்கள். அரை மணி நேரத்தில் இழுப்பு மெலிந்தது. கழுத்துக் குழி அடங்கியது. சங்கரின் கால் மரத்துப்போய், அவனை இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் மகள் என் கைக்கு வந்தாள்.

"ராத்திரி இழுப்பு மறுபடி வரலாம், இங்கயே இருங்க. நல்லவேளை, பிள்ளைய அழ விடாம கொண்டாந்திட்டிய" என்றார் டாக்டர்.

அன்று அங்கேயே தங்கினோம். தாம்பரத்தில் போன வருஷம் ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். எங்கள் அடுக்குமாடி வளாகத்தில் குடியிருப்பவர்களுக்கு மறுநாள்கூட விஷயம் தெரியாது. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இனி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வராந்தாவில் உட்கார்ந்து ஒன்பது பேர் ஆறிப்போன புளியோதரையைத் தின்றுகொண்டிருந்ததை எட்டிப் பார்த்தபோது, இவர்கள் இல்லாமல் அந்த மலையை இறங்கியிருக்க முடியாது என்று தோன்றியது.

மறுநாள் காலை டாக்டர் யாழினியின் தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "நாளைக்கு மீதியையும் எடுத்துருங்க. வெந்நி மட்டும் தெளிங்க. இப்படியே விட்டா பாக்குதவங்களுக்கு மூச்சு முட்டும்."

மறுபடியும் மலையா என்று நான் பயந்ததைப் பெரியத்தையே தீர்த்துவைத்தாள். "ஆத்துத் தண்ணி அய்யனாரு காலடியத் தொட்டுட்டுத்தானட்டி வருது. பாபநாசத்துல எடுத்தாலும் அவருக்குத்தான் சேரும்."

செவ்வாய்க்கிழமை காலை, பாபநாசம் படித்துறை. சாயங்காலம் எனக்கு ரயில். பிளாஸ்க்கில் வெந்நீர். சங்கர் மறுபடியும் சம்மணம் போட்டான். "இது எந்த ஊரு ஸ்டைலு அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே படித்துறையில் முடி எடுப்பவர் தண்ணீர் தெளித்தார். கத்தியைக் கண்டதும் யாழினி வாயைத் திறந்தாள்.

என்ன ஒரு அழுகை! இருமல் இல்லை, இழுப்பு இல்லை. நெஞ்சு நிறைய மூச்சை வாங்கி, முழுசாக விட்டுக் கத்தினாள். எதிர்க்கரையில் குளித்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பக்கத்துப் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னை முறைத்தார். "என்னம்மா, பெத்தவதானே? பிள்ள இந்தக் கத்து கத்துது, பாத்துக்கிட்டே நிக்கிய?"

"கத்தட்டும்க்கா" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும்."

அந்த அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, துணியைத் திருப்பிப் போட்டுத் துவைக்கத் தொடங்கினார்.