ஏ முதல் எல் வரை

காலைக் காப்பி ஆறுவதற்குள் போனில் ஒரு சொல் விளையாட்டு ஆடிவிடுவது என் வழக்கம். மூன்று எழுத்தைக் கொடுத்து, அவை சேர்ந்து வருகிற ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடி என்பார்கள். முப்பது வருஷம் டீச்சராக இருந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்காதீர்கள். பணி ஓய்வுக்குப் பிறகு வேறு என்ன வேலை? இன்று வந்தவை இ, ஏ, ஆர். ஃபியர், ஹியர், ஹார்ட் என்று மளமளவெனப் போட்டேன். பயம், கேள், இதயம். அருகில் என்கிற நியரும் வருஷம் என்கிற இயரும் வரிசையில் நின்றன, விரல்தான் போகவில்லை. அவை லெட்சுமியின் சொற்கள்.

சொல்லில்கூட உன்னுது என்னுது உண்டா என்று நீங்கள் சிரிக்கலாம். எங்களுக்கு இருந்தது. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரே லயத்தில், அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. நாங்கள் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படித்தபோது தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிக்கு மாற்றல் வந்தது. அவர் மனைவி சாமான் கட்டும்போது ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதியை எடுத்து நீட்டி, "ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குங்க" என்றார். போட்டுக்கொண்டோம். தீபாவளி ஆட்டைக் கூறு போடுகிற மாதிரி, லெட்சுமியின் அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியால் அதை நடுவில் பிளந்தே கொடுத்துவிட்டார். ஏ முதல் எல் வரை எனக்கு, எம் முதல் இசட் வரை அவளுக்கு. ஒருத்திக்காவது மூளை வேலை செய்திருக்கலாம்!

என் பாதி இன்னும் அலமாரியில் இருக்கிறது. திறந்தால் மண்ணெண்ணெயும் தேயிலைத் தூளும் கலந்த வாசனை. லயத்துச் சுவர் கூரை வரை போகாது. பேச்சு மேலேறி அடுத்த வீட்டில் இறங்கிவிடும். சாயங்காலம் அவள் அம்மா அடுப்பு மூட்டும் நேரத்தில் எங்கள் ஆட்டம் தொடங்கும். மூன்று எழுத்தைச் சொல்லிவிட்டு, அவரவர் பாதியில் தேடி, சொல்லையும் அர்த்தத்தையும் சுவருக்கு மேலே கத்துவோம்.

"ஹார்ட்னா இதயம்!"

"டியர்னா கண்ணீர்! இயர்னா வருஷம்! ஒனக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டுலா!"

"என்னா கத்து கத்துதுங்க இதுங்க" என்பார் என் அப்பா. ஆனாலும் ரேடியோவைக் குறைத்துக்கொள்வார்.

லெட்சுமிக்கு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஆக வேண்டும். தோட்டத்து மருந்தகத்தில் வெள்ளை உடுப்போடு வரும் அந்த மிஸ்ஸியைப் பார்த்த நாளிலிருந்து அதே பேச்சு. அந்தப் பயிற்சிக்கு ஆங்கிலத் தேர்ச்சி வேண்டும். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவள் அம்மா படுத்த படுக்கையானார். நான் கூசாமல் போய் அவள் பாதியைக் கேட்டேன். "எடுத்துக்கடி. நீயாச்சும் படி. எனக்கு இப்ப எங்க நேரம்?" என்று உடனே கொடுத்துவிட்டாள். நான் தேறினேன். அவள் ஆங்கிலத்தில் மட்டும் தோற்றாள். அவள் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் பாதியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, ஈப்போவில் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன்.

அந்த வருஷமே அவள் மறுபடி பரீட்சைக்குப் பணம் கட்டினாள். எங்கள் மலையிலிருக்கும் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரிக்காரரிடம் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. "ஒன் பாதிய இந்த அண்ணங்கிட்டக் குடுத்தனுப்பு. அடுத்த மாசம் பரீட்சை." அவ்வளவுதான்.

எனக்கு வெட்கம். விடுதியில் எல்லாரிடமும் முழு அகராதி இருந்தது. என் கிழிந்த பாதியைச் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். அதை எப்படி அனுப்புவது, உபகாரச் சம்பளம் வந்ததும் புத்தம் புதுசாக ஒன்று வாங்கி அனுப்பி அவளை அசத்திவிடலாம் என்று நினைத்தேன். பெரிய மனுஷி! லாரி வாரம் இரண்டு தடவை வந்து போனது. சம்பளம் தாமதமானது. சிவப்பு ரிப்பன் கட்டி நான் புது அகராதியை அனுப்பியபோது பரீட்சை முடிந்து நான்கு நாள். பாதி அகராதியை வைத்துக்கொண்டு முழுப் பரீட்சை எழுதியிருக்கிறாள். மறுபடி தோல்வி.

தீபாவளிக்குப் போனபோது கொழுந்துக் கூடையோடு எதிரே வந்தாள். கண்ணைப் பார்க்க முடியவில்லை எனக்கு. "பரவால்லலா. பொஸ்தகம் ரொம்ப அழகா இருக்குடி" என்றாள். அதோடு சரி, அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அவளுக்குக் கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் கீரையும் சோளமும் கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன மாதம் அவள் இறந்துவிட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது வெளிநாட்டு வேலைக்காரர்களின் சிமெண்டு விடுதி. எங்களுக்கு நடுவே இருந்த அந்தச் சுவர் எந்த இடத்தில் நின்றது என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அவள் மகள்தான் சொன்னாள், அம்மா ஈப்போ ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்ததாக. என் வீட்டிலிருந்து பத்து நிமிஷம்.

"ஏம்மா எனக்கு ஒரு போன் போடல?"

"நான் போடறேன்னுதான் சொன்னேன், ஆன்ட்டி. அம்மாதான் வேணாம்னுச்சி. 'அவகிட்ட ஒண்ணும் கேக்காத'ன்னுச்சி."

அந்தத் துண்டுச் சீட்டுக்குப் பிறகு நாற்பது வருஷமாக அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.