அம்மா தட்டிப் பார்த்து எடுத்த கார்

எங்கள் வீட்டுக்குள் குட்டு வாங்காமல் எந்தப் பொருளும் நுழைந்ததில்லை. குடம், தேங்காய், தர்பூசணி, அப்பாவின் ஹெல்மெட், எல்லாமே அம்மாவின் நடுவிரல் முட்டியில் ஒன்று வாங்கிக்கொண்ட பிறகுதான் உள்ளே வரும். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் அம்மாவுக்குச் சரக்கு பிரிக்கிற வேலை. சூளையிலிருந்து வரும் ஜாடியையும் கப்பையும் ஒவ்வொன்றாகத் தட்டுவாள். கணீரென்றால் நல்ல சரக்கு. டொக்கென்றால் உள்ளே விரிசல். உலகத்தில் யார் எதை விற்றாலும் ஒரு விரிசலை மறைத்துத்தான் விற்கிறார்கள் என்பது அவள் முடிவு. எனக்கும் அந்தப் புத்தியைச் சோற்றோடு சேர்த்தே ஊட்டியிருந்தாள்.

நான் ஆறாவது படித்த வருஷம், அம்மாவின் தம்பி துபாயிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தார். அங்கே எட்டு வருஷம் ஒரு முதலாளியின் கார்களை ஓட்டியவர் மாமா. இனிமேல் சொந்தமாக ஒரு கார் வாங்கி, ரயில்வே ஜங்ஷன் ஸ்டாண்டில் வாடகைக்கு விடுவதாகத் திட்டம். கையில் இருந்ததெல்லாம் அந்த ஒரு காருக்குத்தான் வரும். அது தப்பாகப் போனால், தன் முகத்தைப் பார்த்தாலே இன்னும் வீறிட்டு அழுகிற இரண்டு வயது மகனை விட்டுவிட்டு மறுபடியும் விமானம் ஏற வேண்டியதுதான். அதனால் அக்கா பார்க்காமல் வாங்குவதில்லை என்று உறுதியாக இருந்தார்.

மூன்று பேரும் மங்கலம்பேட்டைக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஒரு பாய் தன் காரை விற்க இருந்தார். காருக்குக் கனத்த உடம்பு, மங்கிய நீல நிறம். மாமா கதவைத் திறந்து சாத்தினார். 'தப்' என்று ஒரு சத்தம் எழுந்து அங்கேயே அடங்கியது. மறுபடியும் திறந்து சாத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. காரைச் சுற்றி வந்து நான்கு கதவையும் தட்டினாள். நான்கும் டொக், டொக்.

"இன்னாடா இது, வெடிச்ச ஜாடியாட்டம் கேக்குது? எங்கியோ இடிச்சிட்டு, பட்டி வச்சி அடைச்சிருக்காங்க" என்றாள்.

பாய் பதறிப்போனார். "அல்லா அறிய ஒரு அடி பட்டதில்லம்மா. எங்க வூட்டுப் புள்ளைங்கதான் இதுல போயிட்டு வந்தாங்க."

உள்ளேயிருந்து டீயும் பிஸ்கட்டும் வந்தன. "டீ வேற குடுக்கறாங்க பாரு" என்று அம்மா என் காதில் சொன்னாள். நான் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே பாயை முறைத்தேன். மாமா எதையோ சொல்ல வாயைத் திறந்தார், அக்காவைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் விருத்தாசலத்திலேயே ஒரு புரோக்கர் வெள்ளைக் கார் ஒன்றைக் காட்டினான். பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்தான். அம்மா தட்டியதும் கணீரென்றது. "இது சுத்தமான சரக்குடா" என்றாள். எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்கு ஓட்டி வந்தோம்.

இன்றைக்கு நான் புதுச்சேரியில் கார் விற்கிற இடத்தில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்கள் என்ஜினைப் பற்றி ஆயிரம் கேட்பார்கள். ஆனால் மனசுக்குள் முடிவு எடுப்பது கதவைச் சாத்திப் பார்க்கிற அந்த நொடியில்தான். நல்ல காரின் கதவுக்குள் அதிர்வை அடக்க அட்டை ஒட்டி, சுற்றிலும் தடித்த ரப்பர் வைத்திருப்பார்கள். அதனால் சத்தம் அடங்கிக் கேட்கும். மெல்லிய தகரம்தான் கணீரென்று பாடும். பீங்கானில் எது விரிசலோ, காரில் அதுவே உசத்தி. எட்டு வருஷம் உசத்தியான கார் ஓட்டிய மாமாவுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமாவின் திருட்டு முழிதான். அம்மா இருக்கும்போது யாரையும் கதவு சாத்த விடமாட்டார். அவரே இறங்கி ஓடிவந்து, இரண்டு கையாலும் மெதுவாக அழுத்தி, சத்தமே வராமல் சாத்துவார். அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "வண்டிய எங்கியோ இடிச்சிட்டு மறைக்கிறான். கூடப் போயி பாத்துட்டு வா" என்று என்னை அனுப்பினாள்.

ஒரு சனிக்கிழமை முழுக்க ஸ்டாண்டில் காருக்குள் உட்கார்ந்து வேவு பார்த்தேன். கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பம் வந்தது. பெரியவர் ஏறிக் கதவைச் சாத்தினார். தகர டப்பா மாதிரி அதிர்ந்தது. சரியாகச் சாத்தவில்லை என்று நினைத்து மறுபடியும் சாத்தினார். முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கிப் பக்கத்துக் காருக்குப் போய்விட்டார். அன்றைக்கு அப்படியே இன்னும் இரண்டு பேர் போனார்கள். மாமா ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அம்மாவையும் என்னையும் கோயிலுக்கு அழைத்துப் போய் வீட்டு வாசலில் இறக்கினார். அவர் சுற்றி ஓடிவருவதற்குள் பலம்கொண்ட மட்டும் கதவை அடித்துச் சாத்தினேன். கார் முழுக்க அதிர்ந்தது.

"கேட்டியாம்மா? இததான் மறைக்கிறாரு! இந்தச் சத்தத்தக் கேட்டுட்டு சவாரி எல்லாம் பக்கத்து வண்டிக்குப் போயிடுது!"

மாமா அப்படியே நின்றார். அம்மா திரும்பி வந்து கதவைத் தட்டினாள். அதே கணீர். கையை எடுக்காமல் கேட்டாள்.

"அந்த பாய் வண்டிதான் நல்ல வண்டியாடா?"

"இதுக்கு என்னாக்கா கொறச்சலு? ஓடுதுல்ல?"

"ஏண்டா அன்னைக்கே சொல்லல?"

மாமா துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். அம்மா உள்ளே போய்விட்டாள். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தும் அவரை ஒருவரும் திட்டவில்லை. என்னை ஒருவரும் மெச்சவும் இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சவாரி கிடைக்காத வெள்ளைக் காரை விற்றுவிட்டு, தை மாசத்தில் மாமா மறுபடி துபாய்க்குக் கிளம்பினார். அதற்குள் அவரிடம் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்த மகன் கழுத்தை விடாமல் அழுதான். ஏர்போர்ட்டுக்கு ஸ்டாண்டிலிருந்து ஒரு வாடகைக் கார் வந்திருந்தது. மாமா ஏறியதும் அம்மா கிட்டே போய், இரண்டு கையாலும் மெதுவாக அழுத்தி, சத்தமே வராமல் கதவைச் சாத்தினாள். அது நல்ல கனத்த கதவு, அடித்துச் சாத்தினாலும் ஒன்றும் கேட்காது. அதைப் போய் ஏன் இப்படிச் சாத்துகிறாள் என்று அம்மா மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.