தினமும் ஐந்து நிமிடம்

மின்நிலையங்களுக்குப் போகிற ஜெனரேட்டர்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அப்பேர்ப்பட்ட நான் என் சொந்தக் காரின் பேட்டரியை என் கையாலேயே சாகடித்தேன். ஆபீஸில் இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் எல்லோருக்கும் கம்பெனி பஸ்தான். கார் உறை போட்டு நிற்கும். பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று தினமும் பல் தேய்த்ததும் உறையை விலக்கி, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பேன். லுங்கியோடு நின்று அக்கம்பக்கத்துக்கு விளக்கமும் கொடுப்பேன். எங்கள் வரிசையில் பாதிப் பேர் அதைப் பின்பற்றினார்கள்.

என் மனைவியின் அக்காவுக்கு வீடு ஒரு மணிநேர தூரத்தில், போவன்பள்ளியில். ஈரலில் புற்றுநோய். ஞாயிறு வந்தால் போய்ப் பார்க்கலாமா என்பாள் இவள். டிராஃபிக் என்பேன். அடுத்த வாரம் என்பேன்.

ஒரு வியாழக்கிழமை காலை அக்காவின் மகள் போன் செய்தாள். அம்மா உங்களைத்தான் கேட்கிறாள், இன்னும் பேச்சு இருக்கிறது, உடனே வாருங்கள் என்றாள். இவள் இரண்டே நிமிடத்தில் பையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். சாவியைத் திருப்பினேன். டிக் என்றது. அவ்வளவுதான்.

கேப் பிடிக்கலாம் என்றாள்.

"அஞ்சு நிமிஷம் பொறு. கரண்ட் விஷயம் எனக்குத் தெரியாதா?" என்று மல்டிமீட்டரை எடுத்துவந்தேன். பதினோரு வோல்ட்; பன்னிரண்டரை இருக்க வேண்டும். டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்கினேன். மறுபடியும் டிக். கடைசியில் எதிர்வீட்டுக்காரர் தன் காரைக் கொண்டுவந்து கேபிள் போட்டுக் கிளப்பிக் கொடுத்தார். அரைமணி நேரம் அணைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

எஞ்சின் ஓடும்போது மீட்டர் பதினாலு காட்டியது. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் பழுதில்லை. அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் எங்கள் சோதனைக்கூடத்தில் ஓடும்போது ஒரு ரீடிங், நின்ற பிறகு ஒரு ரீடிங் எடுப்பது வழக்கம். கை தானாகப் போய் எஞ்சினை அணைத்தது. ரீடிங் கிடைத்தது. கார் மறுபடி கிளம்பவில்லை.

கேப்பில் இவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நாங்கள் போனபோது அக்கா கண்ணை மூடி மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தார். இப்போதுதான், கால்மணி முன்பு வரை பேசினாள் என்றாள் மகள். இவள் காதருகே குனிந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலை எல்லாம் முடிந்தது.

காரியமெல்லாம் ஆன பிறகு மெக்கானிக்கை வரவழைத்தேன். ஒருமுறை கிளப்புவதற்குச் செலவாகும் சார்ஜ் ஐந்து நிமிடத்தில் திரும்பி வராது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருக்கிறீர்கள், வாரம் ஒருமுறை ரோட்டில் ஒரு மணிநேரம் ஓடியிருந்தால் போதும் என்று தெலுங்கில் விளக்கினார். சாருக்கு என்ன வேலை என்று கேட்டார். கேன்டீனில் என்றேன்.

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, அவர் போன பிறகு சொன்னாள்:

"வாராவாரம் அக்காவைப் பாக்கப் போயிருந்தா இந்த பேட்டரி செத்திருக்காது."