அண்ணன் பதிவு செய்த சத்தம்

அண்ணனின் டேப் ரெக்கார்டரை நினைத்தால் அதன் தோல் வாசனைதான் முதலில் வருகிறது. நான் அப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் வேலையில் இருந்தேன். கழித்துப்போட்ட தோல் துண்டுகளை ஒட்டுப்போட்டு அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தேன். பாட்டு கேட்கத்தான் என்று நினைத்துத் தைத்தேன்.

அண்ணனுக்குப் பகலில் தோல் தொழிற்சாலை, முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. சினிமாப் பாட்டை அச்சு அசலாக வாசிப்பார் என்று பெயர். அவருக்குள் ஓடியது வேறு. தொழிற்சாலையில் தோல்களைத் தண்ணீரோடு உருட்டும் பெரிய மர டிரம்கள் ஓயாமல் சுற்றும். உள்ளே ஈரத்தோல் மேலேறித் தொப்பென்று விழும். அதைப் பதிவு செய்து, அதன்மேல் கீபோர்டில் ஒரே சுரத்தை நீளமாக இழுப்பார். எனக்கு அது பிடித்திருந்ததா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. பாதியில் எழுந்து போகவும் முடிந்ததில்லை.

ஒரு கல்யாண வரவேற்பில், யாரிடமும் சொல்லாமல், அதையே வாசித்துவிட்டார். பேச்சும் சிரிப்புமாக இருந்த மண்டபம் அடங்கிப்போனது. மாப்பிள்ளையின் அப்பா மேடையேறி வந்தார்.

"இன்னா தம்பி இது? நாள் பூரா ஃபேக்டரில கேக்குற சத்தத்தை இங்கயும் வந்து கேக்கணுமா?"

"அங்க யாரும் கேக்கலியே சார்" என்றார் அண்ணன்.

திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். குழுவில் அதன்பிறகு அவரைக் கூப்பிடவே இல்லை. கீபோர்டு குழுவுடையது, அதுவும் போயிற்று. தொழிற்சாலையில் தோலைத் தேய்த்து வழவழப்பாக்கும் பிரிவுக்கு மாறினார். தலைமுடி, இமை, மூக்கு எல்லாம் தோல் தூசு. அப்போதும் டிரம் பக்கம் போய்ப் பதிவு செய்துவந்து வீட்டில் போட்டுக் கேட்பதை விடவில்லை. "வீட்லயாவது நிம்மதியா இருக்க வுடுங்களேன்" என்று அண்ணி கத்துவார். நெஞ்சு கெட்டு, வேலைக்குப் போக முடியாமல் போய், அண்ணன் இறந்தார். மேல்விஷாரத்திலிருந்து, குழுவில் கூட வாசித்த அவருடைய தோஸ்த் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். அவரைத் தவிர வேறு எந்த இசைக்காரரும் வரவில்லை.

போன வருஷம், சென்னையில் படிக்கும் அண்ணன் மகள் அந்தக் கேசட்டுகளை நண்பர்களிடம் கொடுத்தாள். அவர்கள் ஒரு சிறிய அரங்கில் அதைப் போட்டுக் காட்டினார்கள். அண்ணியும் நானும் முன்வரிசையில். கடைசிக் கேசட்டில், டிரம் சுற்றும் சத்தத்துக்கு நடுவே இருமல் கேட்டது. தோல் விழும்போதெல்லாம் சரியாக ஓர் இருமல். தற்செயலா, வேண்டுமென்றே செய்தாரா, தெரியவில்லை. பின்னாலிருந்த பிள்ளைகள் அந்தத் தாளத்துக்குக் கை தட்டத் தொடங்கினார்கள். அண்ணி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

முடிந்ததும், நிகழ்ச்சியை நடத்திய பையன் கண் கலங்க வந்தான். "அந்தக் காலத்துலயே இப்படி யோசிச்சிருக்கார் ஆன்ட்டி. மத்த ஊர்லயும் போடணும்."

"போடுங்க. இருமறதை மட்டும் எடுத்துடு தம்பி" என்றார் அண்ணி.

அவன் தயங்கினான். "அதை எடுத்துட்டா பாட்டே இல்ல ஆன்ட்டி."

அண்ணி என் மணிக்கட்டை விட்டார். பிறகு சொன்னார்: "அப்டின்னா இருக்கட்டும். அந்த எடத்துல மட்டும் கை தட்ட வேணாம்னு சொல்லிடு."