பூட்டி வைத்த ஆறு லேப்டாப்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், ஒரு பழைய ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. தோட்டம் செம்பனையாக மாறிப் பல காலம் ஆகிவிட்டது. அந்தப் பள்ளியின் பாலர் வகுப்பில் என் வேலையின் கடைசி நான்கு வருடங்கள் கழிந்தன. புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்களுக்காக இதை எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

1. வந்த நாள்

நன்கொடையாளர் ஒருவர் ஆறு லேப்டாப் கொடுத்தார். மாலை, பேச்சு, போட்டோ எல்லாம் ஆயிற்று. மறுநாளே கதை சொல்லும் பாடத்துக்கு அவற்றை எடுத்தேன். படத்தைப் பார்த்துப் பிள்ளை பேச வேண்டும். லேப்டாப் அதைப் பதிவு செய்து திரும்பப் போட்டுக் காட்டும்.

தர்ஷினி அதுவரை பள்ளியில் வாயே திறந்ததில்லை. வீட்டில் நன்றாகப் பேசுவாள் என்று அவள் அம்மா சாந்தி சொல்வார், நாங்கள் நம்பவில்லை. அன்று அவள் லேப்டாப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக் கோழி முட்ட போட்டுச்சி. பாம்பு தின்னுட்டுச்சி. அப்பா பாம்ப அடிச்சிட்டாரு."

தன் குரலையே நாலு தடவை போட்டுக் கேட்டுச் சிரித்தாள். ஒரு மாதத்தில் பன்னிரண்டு கதைகள் சேர்ந்தன. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

2. பூட்டு

யாரோ ஒரு பிள்ளை குடித்துக்கொண்டிருந்த மைலோவை ஒரு லேப்டாப் மேல் கொட்டிவிட்டது. இரண்டு எழுத்துப் பொத்தான்கள் ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான். தலைமையாசிரியர் ஓடி வந்தார்.

"ரோசாக் ஆச்சின்னா, கெட்டுப் போச்சின்னா யாரு பதில் சொல்றது டீச்சர்? அலமாரில வச்சிப் பூட்டுங்க. பெரிய ஆளுங்க வந்தா எடுத்துக்கலாம்லா."

"சார், அந்தப் புள்ள இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கு."

"பேசறதுக்கு வாய் இருக்குல்ல? லேப்டாப் எதுக்கு?"

நான் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. எதற்கு வம்பு என்று பூட்டிவிட்டேன். மாதா மாதம் பொருள் சரிபார்க்கும் போராங், அதாவது படிவம், வரும். அலமாரியைத் திறக்காமலேயே 'நல்ல நிலை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். எங்கள் பள்ளியில் எல்லாருமே அப்படித்தான். பயன்படுத்தாத பொருள் கெடாது என்பது எங்கள் நம்பிக்கை.

தர்ஷினி ஒரு வாரம் அலமாரிப் பக்கமே நின்றாள். பிறகு நிற்பதையும் விட்டுவிட்டாள். அவள் கதைகளை என் கைப்பேசியில் ஏற்றி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

3. அதிகாரி வந்த நாள்

ஆண்டு இறுதியில், முதலாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்க ஓர் அதிகாரி அம்மா வந்தார். அவர் கேட்ட எதற்கும் தர்ஷினி பதில் சொல்லவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் புள்ள பேசும் மேடம். ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன்" என்று அலமாரியைத் திறந்தேன். தகரக் கூரைச் சூட்டில் சார்ஜ் இல்லாமல் கிடந்ததில், அவள் கதைகள் இருந்த லேப்டாப்பின் பேட்டரி உப்பி, அடிப்பலகை பிளந்திருந்தது. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை.

அதிகாரி போராங்கைப் புரட்டினார். "நல்ல நிலைன்னு போட்டிருக்கு? உங்க கையெழுத்துதானே டீச்சர்?"

ஆமாம் என்று தலையாட்டினேன். "நான் காதால கேக்காத பேச்ச எப்படி எழுதறது?" என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

மறு ஆண்டு தர்ஷினியை, கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்பில் உட்கார வைத்தார்கள். அந்த வகுப்பைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு அது தேவையில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். தலைமையாசிரியரோ, "நாம ஒண்ணும் ஒடைக்கலியே டீச்சர்" என்று ஆறுதல் சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் சுங்கை சிப்புட் மார்க்கெட்டில் சாந்தியைப் பார்த்தேன். பக்கத்தில் தர்ஷினி, மீன்காரரிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"மேரி டீச்சருடி, வணக்கம் சொல்லு" என்றார் சாந்தி.

திரும்பி என்னைப் பார்த்தாள். உடனே வாயை மூடிக்கொண்டு அம்மாவின் பின்னால் போய் நின்றாள்.

உடைந்தால் உடையட்டும் சார் என்று அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்களாவது சொல்லுங்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.