‘பேசாதே படம்’

நம் மலாக்கா காஜா பெராங்கில் இன்று மத்தியானம் ஒரு கூத்து நடந்தது. சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்!

என் கூட்டாளிகள் ஷரீபும் முருகையாவும் வெள்ளைக்காரத் துரையின் கேமராவை இரவல் வாங்கி எடுத்த படம் இன்று கொட்டகையில் ஓடியது. ஷரீப் ஆர்மோனியம். முருகையா வாசலில் வைக்கும் விளம்பரத் தட்டியை எழுதினான். அவன் மலாக்காச் செட்டி, பல தலைமுறையாய் இங்கேயே ஊறிப்போன தமிழ் வம்சம்; வீட்டில் மலாய்தான். தமிழ் எழுத்தைச் சித்திரமாகப் பார்த்து வரைவான்.

ஷரீப் எழுதிக் கொடுத்தது ‘பேசாத படம்’. வாசலில் நின்றதோ ‘பேசாதே படம்’!

“டேய், இந்தக் கொம்பு எங்கருந்துடா வந்துச்சு?” என்று ஷரீப் தலையில் கைவைத்தான்.

முருகையா அசரவில்லை. முதல் எழுத்துக்குக் கொம்பு இருக்கிறதாம், கடைசி ‘த’ மொட்டையாக நின்றதாம். “சாந்தெக்லா!” என்றான். அழகாம்!

அழிக்க நேரமில்லை. கூட்டம் உள்ளே போய்விட்டது.

வழக்கமாகப் படம் பேசாவிட்டால் நம் ஜனங்கள் அதற்கும் சேர்த்துப் பேசுவார்கள். இன்று யாரோ வாய் திறந்ததும், பின்னாலிருந்து ஓர் அம்மா, “வெளிய எழுதிப் போட்டிருக்கே, பாக்கலையா? பேசாதே!” என்று அதட்டினார். கச்சாங் என்று கடலை விற்கிறவர்கூட ஒவ்வொருவர் காதிலும் “கச்சாங், கச்சாங்” என்று கிசுகிசுத்துக்கொண்டே போனார்.

ஷரீபின் வாசிப்பு முதல் முறையாகக் கடைசி பெஞ்சுவரை கேட்டது!

முடிந்ததும் கொம்பை அழிக்க நான் ஏணி எடுத்தேன். ஷரீப் ஓடிவந்து பிடுங்கினான்.

“கொம்புல கை வச்சே, தெரியும்!”

நாளைக்கு யார் யார் வருகிறீர்கள்? இப்போதே சொல்லிவிடுங்கள். கொட்டகைக்குள் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.